பிக்கப் வண்டிக்கு அடியில் சத்தமா? அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

பொலேரோ பிக்கப், தோஸ்த், குட்டி யானை என்று எந்த வண்டி வைத்திருந்தாலும் ஒரு நாள் அடியிலிருந்து புதுச் சத்தம் கிளம்பத்தான் செய்யும். பெங்களூருவில் அது கொஞ்சம் சீக்கிரமே கிளம்பும். தெருவுக்குத் தெரு ஹம்ப், மழை விட்டதும் புதிதாக விழும் பள்ளம், மெட்ரோ வேலைக்குத் தோண்டி மூடிய இடம், இத்தனையும் தாண்டித்தான் கலாசிபாளையத்திலோ யஷ்வந்த்பூர் ஏபிஎம்சியிலோ லோடு ஏற்றி ஊர் முழுக்கச் சுற்ற வேண்டியிருக்கிறது.

பலரும் செய்வது என்ன? நேராக ஒர்க்‌ஷாப்பில் விட்டு "அடியில சவுண்டு வருது, பாருங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். அவரும் பாவம், அவருக்குத் தெரிந்த முதல் சந்தேகத்தை மாற்றுவார். புஷ் (இணைப்புகளில் இரும்பு இரும்போடு உரசாமல் தடுக்கும் உறை) போகும், சத்தம் போகாது. அப்புறம் ஷாக் அப்சார்பர், அதற்கப்புறம் வேறொன்று. பணம் கரைந்துகொண்டே இருக்கும்.

காரணம் வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. பிக்கப்புக்கு அடியில் முன்னிருந்து பின் வரை இரண்டு நீள இரும்புச் சட்டங்கள் ஓடுகின்றன. அதுதான் சேஸிஸ். பின்பக்க ஷேக்கிளில் (ஸ்பிரிங் பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் தகட்டில்) பிறக்கும் சத்தம் அந்த இரும்பு வழியாக ஓடிவந்து டிரைவர் சீட்டுக்கு அடியில் கேட்கும். இடது பக்கத்துச் சத்தம் வலது பக்கம் கேட்கும். அதனால் 'எங்கிருந்து வருகிறது' என்பதில் காதை நம்ப முடியாது. 'எப்போது வருகிறது' என்பதில் நம்பலாம். எந்த வேகத்தில், எந்த கியரில், பிரேக் பிடிக்கும்போதா விடும்போதா, லோடு இருக்கும்போதா காலியாகவா என்று பார்த்துக் குறித்துக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். அதற்கு ஸ்பேனர்கூடத் தேவையில்லை.

முதலில் வண்டியைக் காலி செய்யுங்கள்

சீட்டுக்குப் பின்னால் கிடக்கும் ஜாக்கி, ஜாக்கி ராடு, வீல் ஸ்பேனர், தண்ணீர் பாட்டில், தார்ப்பாய்க் கம்பி, கயிறு மாட்டும் கொக்கி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால் நல்லது, அங்கேயே முடிந்தது. போகவில்லை என்றால் பின்கதவின் சங்கிலியையும் கொக்கியையும் சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டி இன்னொரு சுற்று. அடுத்தது ஸ்டெப்னி. நிறைய பிக்கப்களில் அது பின்னால் அடியில் தொங்குகிறது. பஞ்சர் போட்டு மாட்டும்போது சரியாக இறுக்காமல் விட்டால், ஒவ்வொரு பள்ளத்திலும் டயர் எழும்பி அடிக்கும். கையால் ஆட்டிப் பாருங்கள், துளிகூட அசையக் கூடாது.

மூன்று சோதனை

காலியான ஒரு ரோடு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பீன்யா தொழிற்பேட்டையின் உள்தெருக்கள் இதற்குத் தோதானவை. நீளமான காம்பவுண்டுச் சுவர் உள்ள தெரு கிடைத்தால் இன்னும் நல்லது. கண்ணாடியை இறக்கிவிட்டுச் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டினால் அடிச்சத்தம் சுவரில் பட்டுத் திரும்பிக் காதுக்கு வரும். போகும்போது ஒரு பக்கம், திரும்பி வரும்போது மறுபக்கம்.

முதல் சோதனை, நின்ற இடத்தில் நியூட்ரலில் ரேஸ் கொடுப்பது. சத்தம் வந்தால் இன்ஜின், சைலன்சர், மவுண்டிங் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்), கிளட்ச், கியர்பாக்ஸ் இவற்றோடு தேடல் நின்றுவிடுகிறது. சக்கரம், ஸ்பிரிங் பட்டை, ஜாயின்ட் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) எதையும் தொட வேண்டாம்.

இரண்டாவது, சமமான ரோட்டில் 40 கி.மீ. வேகத்தில் போய், கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து வண்டியைத் தானாக உருள விடுவது. சத்தம் அப்படியே தொடர்ந்தால் டயர், வீல் பேரிங், அல்லது சும்மாவே சுற்றிக்கொண்டிருக்கும் ஷாஃப்ட். இன்ஜின் இழுப்பதை நிறுத்திய கணமே சத்தம் மாறினால், இழுவையைத் தாங்கும் இடங்களைப் பாருங்கள்: கிரவுன் பினியன் (பின் ஆக்ஸில் நடுவே டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி), ஷாஃப்டின் கிராஸ் (அதை வளைந்து சுற்றவிடும் சிலுவை மூட்டு), மவுண்டிங். இந்தச் சோதனையில் சாவியை மட்டும் திருப்பிவிடாதீர்கள். ஸ்டியரிங் லாக் விழலாம், பிரேக் பூஸ்டரும் கைவிட்டுவிடும். இறக்கத்திலும் செய்ய வேண்டாம்.

மூன்றாவதை எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் இதற்குக் காது மட்டும் போதும். பிக்கப் டயரின் சுற்றளவு 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். குட்டி யானையில் அதைவிடக் குறைவு. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஒரு சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றுகிறது. ஜாயின்ட் ஷாஃப்ட் அதே நேரத்தில் நாலைந்து மடங்கு வேகமாகச் சுற்றுகிறது, கிரவுன் பினியனின் பல் கணக்கு அப்படி. ஆகவே மெதுவாக உருளும்போது 'டக்... டக்... டக்' என்று விரல்விட்டு எண்ண முடிந்தால் அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று: பிரேக் டிரம், பேரிங், டயரில் குத்திய ஆணி, லூசான வீல் நட். எண்ண முடியாமல் 'டகடகடக' என்று ஓடினால் ஷாஃப்ட். எதற்கும் தொடர்பில்லாமல் மேடுபள்ளத்தில் மட்டும் வந்தால் சஸ்பென்ஷன் அல்லது பாடி.

அடியில் படுப்பதற்கு முன்

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள். தயவுசெய்து. ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் பிட் (அடியில் நின்று பார்க்கும் குழி) உள்ள இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அந்தக் கல் விரிசல் விட்டு எச்சரிக்கை தருவதில்லை, ஒரேயடியாக நொறுங்கும். தரை சமமாக இருக்க வேண்டும். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும், ஏனென்றால் சில சோதனைகளுக்கு ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டியிருக்கும். ஓடி வந்த வண்டி என்றால் சைலன்சர் ஆறும்வரை காத்திருங்கள். இன்ஜின் ஓடும்போது யாரும் அடியில் இருக்கக் கூடாது.

கையில் ஒரு டார்ச், டயர் கழற்றும் நீளமான லிவர், கந்தல் துணி, சைக்கிள் டியூப் துண்டுகள், வெள்ளை பெயின்ட் மார்க்கர். இவ்வளவு போதும்.

ஹம்ப்பிலும் பள்ளத்திலும் 'கடக் கடக்'

பிக்கப்பில் அதிகம் கேட்கும் சத்தம் இதுதான், காரணங்களும் இதற்குத்தான் அதிகம். லோடு இருக்கும்போது வருகிறதா, காலியாக வருகிறதா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். காலியாக இருக்கும்போது மட்டும் வந்தால் எங்கோ ஓர் இடைவெளி இருக்கிறது, பாரம் ஏறியதும் அது அழுந்தி மூடிக்கொள்கிறது. ஷேக்கிள் புஷ், பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் உள்ள பேக்கிங், ஸ்டெப்னி, கதவு இவைதான் இந்த வகை. லோடு ஏறிய பிறகு மட்டும் வந்தால் பட்டைகள் படிந்துபோய் ஆக்ஸில் போய் பம்ப் ரப்பரில் (ஆக்ஸில் சேஸிஸில் மோதாமல் தாங்கும் ரப்பர்க் கட்டையில்) இடிக்கிறது, அல்லது ஏதோ ஒரு பட்டை ஒடிந்திருக்கிறது.

ஸ்பிரிங் பட்டையை டார்ச் அடித்து முழு நீளத்துக்கும் பாருங்கள். ஒடிந்த பட்டை பல நேரம் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், சட்டென்று கண்ணில் படாது. நடு போல்ட்டுக்குப் பக்கத்திலும், பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புக்கு அருகிலும் துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால் குறுக்கே ஒரு மயிரிழைக் கோடு தெரியும். அதன் ஓரத்தில் துரு நிறம் கசிந்திருந்தால் விரிசல் உறுதி.

ஷேக்கிளுக்கு லிவர் வேண்டும். பட்டையின் கண்ணுக்கும் ஷேக்கிள் தகட்டுக்கும் இடையில் லிவரைக் கொடுத்து மெதுவாக நெம்புங்கள். ரப்பர் புஷ் கொஞ்சம் அமுங்கித் திரும்பும், அது இயல்பு. 'டொக்' என்று இரும்பு இரும்பில் இடித்தால் புஷ் முடிந்தது. கிரீஸ் நிப்பிள் உள்ள வகை என்றால் மாற்றுவதற்கு முன் ஒருமுறை பழைய கிரீஸ் வெளியே வரும்வரை பம்ப் அடித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். வறண்டுபோனதற்கும் தேய்ந்துபோனதற்கும் ஒரே சத்தம்தான்.

அடியில் எங்கு பார்த்தாலும் தேட வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. இரண்டு இரும்பு ஒன்றோடொன்று உரசும் இடத்தில் செம்பழுப்பு நிறத்தில் நைசான பொடி படிந்திருக்கும், நடுவில் பெயின்ட் தேய்ந்து பளபளப்பாக இருக்கும். பழைய துரு சொரசொரப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பொடி விரலில் தொட்டால் வந்துவிடும். அசையக் கூடாத இடத்தில் இது இருந்தால் அங்கே அசைவு இருக்கிறது.

விவேக்நகர் பக்கம் தண்ணீர் கேன் போடும் அண்ணன் ஒருவரின் வண்டியைச் சொல்ல வேண்டும். கேன்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது மட்டும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் 'டொக் டொக்'. ஓர் ஒர்க்‌ஷாப்பில் ஷேக்கிள் புஷ் மாற்றியிருந்தார்கள், இன்னொரு இடத்தில் ஷாக் அப்சார்பர். சத்தம் குறையவே இல்லை. வண்டியைப் பிட்டில் ஏற்றிப் பார்த்தோம். பாடியின் குறுக்குச் சட்டம் சேஸிஸ் மேல் உட்காரும் இடத்தில் மரப் பேக்கிங் மழையில் ஊறி, வெயிலில் சுருங்கி மெலிந்திருந்தது. அங்கே யூ கிளாம்ப்பின் நட் கையால் திருகும் அளவுக்கு லூசு. சேஸிஸ் மேல் ஒரு ரூபாய் காசு அளவு இடம் வெள்ளையாக மின்னியது, சுற்றிலும் அந்தப் பொடி. கேன் ஏறியதும் பாரம் பாடியை அழுத்தி வைத்துக்கொள்ளும், இறங்கியதும் பாடி எழும்பி எழும்பி அடிக்கும். பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரை வெட்டி வைத்து, நட்டை முறுக்கினோம். "இதுக்கா தம்பி இவ்வளவு நாள் அலைஞ்சேன்?" என்று கேட்டார் அண்ணன். மாற்றிய புஷ்ஷும் ஷாக்கும் நல்ல நிலையில் இருந்தவை என்பதுதான் எனக்கு வருத்தம்.

முன்பக்கம் என்றால் ஜாக்கி, ஸ்டாண்டு வைத்துச் சக்கரத்தைத் தூக்கிக்கொள்ளுங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், அப்புறம் இரண்டு பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் மட்டும் ஆட்டம் என்றால் பெரும்பாலும் டை ராட் எண்டு (ஸ்டியரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் மூட்டு). மேல்கீழாக ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் அல்லது பால் ஜாயின்ட், வண்டியின் வகையைப் பொறுத்து.

இந்தச் சத்த வகையில் தள்ளிப்போடக் கூடாதது ஒன்று: யூ போல்ட் லூசாகி நடு போல்ட் வெட்டுப்படுவது. அப்போது ஆக்ஸிலைப் பட்டையோடு பிடித்துவைக்க எதுவும் இல்லை, அது முன்னும் பின்னும் நகரும். வண்டி நேராகப் போகும்போதும் ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பியே நிற்கும், பின்னால் வருபவருக்கு வண்டி கோணலாக ஓடுவது தெரியும். பட்டையின் முன்முனையைப் பிடிக்கும் ஊசியிலிருந்து ஆக்ஸில் வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். அளவு வேறுபட்டால் அன்றைக்கு லோடு எடுக்காதீர்கள்.

கிளட்ச் விட்டதும் ஒரே ஒரு 'டங்'

முதல் கியரில் நகரும்போதும், ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி கொடுக்கும்போதும் அடியில் ஒரு அடி விழுகிறது. இழுவை திசை மாறும் கணத்தில் எங்கோ இருக்கும் இடைவெளி ஒரேயடியாக மூடுவதால் வரும் சத்தம் இது. சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து போகும்போது இது திரும்பத் திரும்பக் கேட்கும்.

சமதரையில் நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, இன்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டு ஜாயின்ட் ஷாஃப்டைக் கையால் இரண்டு பக்கமும் திருகிப் பாருங்கள். முழு ஷாஃப்டும் சேர்ந்து கொஞ்சம் அசைவது கிரவுன் பினியனின் பல் இடைவெளி, எல்லா வண்டியிலும் இருக்கும். பார்க்க வேண்டியது கிராஸை. கிராஸின் ஒரு பக்கத்து யோக் (கிராஸைப் பிடிக்கும் கவை) திரும்பி, மறுபக்கத்து யோக் திரும்பாமல் ஒரு நூல் பின்தங்கினால் கிராஸ் போய்விட்டது. கிராஸின் முனைகளை மூடும் கப் ஓரத்தில் செம்பழுப்புப் பொடி இருந்தால் சந்தேகமே வேண்டாம். கிராஸ் நன்றாக இருந்தால் ஷாஃப்டின் நீளம் கூடிக் குறையும் ஸ்ப்ளைன் பகுதி வறண்டிருக்கலாம், அங்கே கிரீஸ் அடித்துப் பாருங்கள். அதுவும் சரி என்றால் இன்ஜின், கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர். பானெட்டைத் திறந்து வைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ஒருவர் கிளட்சை லேசாக விட, நீங்கள் வண்டிக்குப் பக்கவாட்டில் நின்று இன்ஜின் எவ்வளவு எழும்புகிறது என்று பாருங்கள். வண்டிக்கு நேர் முன்னால் நிற்கக் கூடாது.

ஷாஃப்டைக் கழற்றுவதாக இருந்தால், கழற்றும் முன்பே இணையும் எல்லா இடத்திலும் பெயின்ட் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். யோக்குகள் ஒரு பல் மாறி மாட்டப்பட்டாலும் புதிதாக ஓர் அதிர்வு வந்து சேரும், அப்புறம் அதைத் தேட வேண்டியிருக்கும்.

மெதுவாகப் போகும்போது 'கீச் கீச் கீச்'

குருவி கத்துவது போல மெல்லிய சத்தம், வண்டி நகரத் தொடங்கியதும் வரும், 30 கி.மீ. தாண்டினால் மற்ற இரைச்சலில் மறைந்துபோகும். கிரீஸ் இல்லாத கிராஸ். அநேகமாக இது தவிர வேறில்லை. நிப்பிளைத் துடைத்துவிட்டு, கிராஸின் நான்கு கப்பிலிருந்தும் பழைய கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை பம்ப் அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அந்த ஒரு கப்தான் கத்துகிறது. இந்த நிலையில் கவனித்தால் கிரீஸோடு போகும். விட்டுவிட்டால் 'கீச்' ஒரு நாள் 'டங்' ஆகும், அதையும் விட்டால் ஓடும்போதே ஷாஃப்ட் கழன்று ரோட்டில் குத்தும்.

வேகம் கூடக் கூட 'ஓ'வென்று ரீங்காரம்

டயரா, வீல் பேரிங்கா, டிஃபரன்ஷியலா? மூன்றும் ஏறத்தாழ ஒரே மாதிரி கேட்கும், செலவு மட்டும் மூன்றுக்கும் வேறு வேறு.

டயரை நம் ஊர் ரோடே காட்டிக்கொடுத்துவிடும். பெங்களூருவில் பல ரோடுகளை ஒயிட் டாப்பிங் என்று கான்கிரீட் ஆக்கிவிட்டார்கள், ஒரே ரோட்டில் பாதி தார், பாதி கான்கிரீட். ஒரே வேகத்தில் தாரிலிருந்து கான்கிரீட்டுக்கு ஏறும்போது ரீங்காரத்தின் குரல் மாறினால் அது டயர். பேரிங்குக்கும் டிஃபரன்ஷியலுக்கும் ரோடு எதுவென்று தெரியாது. டயரின் முகப்பைக் கையால் முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள், ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் பல் பல்லாகவும் தட்டுப்பட்டால் தேய்மானம் சீராக இல்லை. கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம், தடவுவதற்கு முன் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பேரிங்குக்கு ரோடு காலியாக இருக்கும்போது மிதமான வேகத்தில் வண்டியை லேசாக இடதும் வலதுமாக வளைத்து ஓட்டுங்கள். இடது பக்கம் வளைத்தால் பாரம் வலது சக்கரத்தில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங், குறைந்தால் இடது. ஓட்டி நிறுத்தியதும் நான்கு ஹப்புக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் பேரிங்கோ, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கோ. பின்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்த தடம் இருந்தால் ஆக்ஸில் சீல் போயிருக்கிறது, அந்த எண்ணெய் பிரேக் லைனிங்கிலும் இறங்கும்.

ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஊளை, விட்டதும் அடங்குவது, அல்லது நேர்மாறாக என்றால் டிஃபரன்ஷியல். திறப்பதற்கு முன் ஆயில் அளவைப் பாருங்கள். ஃபில்லர் பிளக்கைக் கழற்றினால் ஓட்டையின் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். டிரெயின் பிளக்கில் காந்தம் உள்ள வண்டி என்றால் அதில் ஒட்டியிருப்பதை விரலில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு சாதாரணத் தேய்மானம். சில்லுச் சில்லாக இரும்பு வந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உறுமலும் அதிர்வும்

50-இல் தொடங்கி 65-இல் நின்றுவிடுகிறது என்பது மாதிரி. சீட்டிலும் தரையிலும் அதிர்வு என்றால் ஷாஃப்ட், ஸ்டியரிங்கில் அதிர்வு என்றால் முன்சக்கர பேலன்ஸ். இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள வண்டியில் நடுவே சென்டர் பேரிங் ஒன்று ரப்பர் வளையத்தில் தொங்கும். அந்த ரப்பர் கிழிந்துவிட்டால் ஷாஃப்ட் தன் இடத்தைவிட்டு ஆடத் தொடங்கும். கையால் தூக்கிப் பாருங்கள், கிழிசல் தெரியும். ஷாஃப்ட் மேல் மண் அப்பியிருந்தால் சுரண்டிக் கழுவுங்கள், பேலன்ஸுக்காக ஒட்டிய சிறு தகடு விழுந்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். தகடு விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்து பேலன்ஸ் செய்ய வேண்டும். ஊகத்தில் ஏதாவது வெல்டிங் வைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம்.

ஐடிலில் 'கிர்ர்ர்'

சிக்னலில் நிற்கும்போது தகரம் அதிரும் சத்தம், ரேஸ் கொடுத்ததும் காணாமல் போகிறது. சைலன்சருக்கு மேலே உள்ள வெப்பம் தடுக்கும் தகடு, அதன் போல்ட் துருப்பிடித்து ஓட்டை பெரிதாகியிருக்கும். சைலன்சர் ஆறியபின் கையால் தட்டினாலே அதே சத்தம் வரும். பெரிய ஹோஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி இறுக்கினால் போதும். தகட்டைப் பிடுங்கி எறிய வேண்டாம், மேலே பிரேக் பைப்பும் வயரும் போகின்றன. சைலன்சர் தொங்கும் ரப்பர் அறுந்திருந்தால் புதிது போடுங்கள், கம்பி போட்டுக் கட்டினால் சத்தம் சேஸிஸ் வழியே கேபினுக்குள் வரும்.

குளிர்ந்த இன்ஜினில் 'பட பட' என்று வந்து சூடானதும் குறைந்தால் புகை கசிகிறது. இணைப்பில் கரி படிந்த கறை தெரியும். கேபினுக்குள் புகை வரும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2020 ஏப்ரலிலிருந்து வந்த பிஎஸ்6 வண்டிகளில் இந்தப் பைப் முழுக்க சென்சார்கள். வெல்டிங் வைப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள்.

பிரேக்கிலும் கிளட்சிலும்

பிரேக் பிடிக்கும்போது 'கரகர' என்று இரும்பு அரைத்தால் லைனிங் தீர்ந்து ரிவெட் டிரம்மைத் தின்கிறது. ஓட்டுவதை நிறுத்துங்கள். ஜல்லி கொட்டிய ரோட்டில் போய்வந்ததும் திடீரென்று ஒரு முன்சக்கரத்தில் காதைக் கிழிக்கும் கிறீச்சல் என்றால், டிஸ்க்குக்கும் பின்தகட்டுக்கும் நடுவில் சின்னக் கல் சிக்கியிருக்கலாம். மெதுவாகக் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்தால் சில நேரம் தானே விழுந்துவிடும்.

கிளட்சை மிதித்தால் வரும் சத்தம் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் மிதிக்காமல் விட்டிருக்கும்போது வந்து, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் இன்புட் பேரிங். இரண்டுக்கும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், ஆகவே எது என்று உறுதியாகத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

மழையில் அண்டர்பாஸ் தாண்டிய பிறகு

தண்ணீர் தேங்கிய அண்டர்பாஸில் சக்கரம் பாதி முங்கப் போயிருந்தால், அதற்கடுத்த சில நாட்களில் வரும் புதுச் சத்தத்தை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். சூடாக இருந்த டிஃபரன்ஷியல் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது மேலே உள்ள காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிளக்கைத் திறந்து பாருங்கள், ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் உடனே மாற்றுங்கள். கிராஸ், ஷேக்கிள் எல்லா நிப்பிளிலும் புது கிரீஸ். டிரம்மைக் கழற்றிச் சேற்றைக் கழுவ வேண்டும். காலையில் முதல் சில பிரேக்கில் மட்டும் கரகரத்து அப்புறம் நின்றால் அது டிரம்மில் படிந்த மேல்துரு, கவலை இல்லை.

எதிலும் அகப்படவில்லை என்றால்

பழைய போன் ஒன்றில் ரெக்கார்டிங்கைப் போட்டு, துணியில் சுற்றி, சந்தேகப்படும் இடத்துக்கு அருகில் சேஸிஸ் மேல் டியூப்பால் இறுக்கிக் கட்டுங்கள். சுற்றும் எதிலிருந்தும், சைலன்சரிலிருந்தும் தள்ளி. ஒரே தெரு, ஒரே வேகம், ஒவ்வொரு முறையும் போனுக்கு வேறு இடம். போன்கள் சத்தத்தின் அளவைத் தாமாகவே சமன் செய்துவிடும், ஆகவே எதில் பெரிதாகக் கேட்கிறது என்று பார்க்காமல், எதில் தெளிவாக, கூர்மையாகக் கேட்கிறது என்று பாருங்கள்.

இன்னொரு வழி பெயின்ட் மார்க்கர். நட், அதன் அடித்தகடு இரண்டையும் சேர்த்து ஒரே கோடு. யூ போல்ட், பாடி கிளாம்ப், ஷாக் போல்ட், மவுண்டிங் போல்ட் எல்லாவற்றிலும் போட்டுவிட்டு வழக்கம்போல ஓட்டுங்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் எந்த நட்டில் கோடு விலகியிருக்கிறதோ அது தளர்ந்துகொண்டிருக்கிறது. டியூப் துண்டும் உதவும். சந்தேகப்படும் ஒரு பொருளை மட்டும் இறுக்கிக் கட்டிவிட்டு ஓட்டுங்கள். ஒரே நேரத்தில் இரண்டைக் கட்டினால் எது என்று தெரியாது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போவதானால் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணா, காலியா வரும்போது மட்டும், இருபது கிலோமீட்டர் ஸ்பீடுல, ஹம்ப் இறங்கும்போது. பிரேக் பிடிச்சாலும் விட்டாலும் ஒண்ணுதான்." நல்ல மெக்கானிக் இதைக் கேட்டதுமே நேராக இடத்துக்குப் போவார். ஜே.சி. ரோட்டில் சாமான் வாங்கப் போகும்போது பழைய சாமானைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒரே பெயர் கொண்ட வண்டிக்கே வருடத்துக்கு வருடம் கிராஸ் அளவு மாறுகிறது, கப்பின் விட்டமும் ஒரு கப்பின் வெளிமுகத்திலிருந்து எதிர் கப்பின் வெளிமுகம் வரை உள்ள நீளமும் இரண்டுமே பொருந்த வேண்டும்.

ஸ்பிரிங் பட்டை வேலை செய்திருந்தால் லோடோடு சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு யூ போல்ட் நட்களை மறுபடி முறுக்க வேண்டும். புதுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது போல்ட் தளர்வது சகஜம். டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, கம்பெனி மேனுவலில் உள்ள அளவுக்கு, எதிரெதிர் மூலையாக முறுக்கச் சொல்லுங்கள்.